எஞ்சின் கடைசியில்தான் எரியும்

வீடியோ மொத்தம் பதினெட்டு வினாடி. திரிபுரசுந்தரி அதை ஒன்பதாவது முறையாக ஓடவிட்டாள்.

மேசைக்குப் பின்னால் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். ஒரு வாரத் தாடி, கறுப்புப் பனியன். கைகள் மேசைக்குக் கீழே. அவனுக்கு முன்னால் மூன்றடி நீளத்தில் ஒரு விண்கப்பல், வால் பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டியபடி நின்றது. அதன் உடம்பெல்லாம் ஊசிமுனை அளவில் ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் வெளிச்சம். வலப்பக்க இறக்கை நுனியில் சிவப்பு விளக்குகள், இடப்பக்கம் பச்சை. சிவப்பு வரிசையில் ஒன்று மட்டும் அணைந்திருந்தது. வாலில் மூன்று பெரிய வட்டங்கள். அவை எஞ்சின்கள். அவற்றில் வெளிச்சம் இல்லை.

இளைஞனுக்குப் பின்னால் திறந்த ஜன்னல், ஜன்னலில் கடல். படத்தின் இடது ஓரத்தில் கடலுக்குள் நீளும் கருங்கல் வரிசை தெரிந்தது.

“நான் நல்லாத்தான் இருக்கேன். வேலை முடிஞ்சதும் வந்துடுவேன். தேடாதீங்க.”

அவ்வளவுதான். திரிபுரசுந்தரி தன் நோட்டில் ஒரு வரி எழுதினாள்: ‘படத்தில் எங்கேயும் ஓர் எழுத்துகூட இல்லை.’ ஏன் எழுதினோம் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

இளைஞனின் பெயர் சஃபியுல்லா. வயது இருபத்தாறு. திருமலைராயன்பட்டினத்தில், திரிபுரசுந்தரி இப்போது உட்கார்ந்திருக்கும் இதே வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து விண்கப்பல் செய்கிறவன். பிளாஸ்டிக் தகடு, பேனா மூடி, பழைய ரேடியோவின் உறுப்புகள் எல்லாம் அவன் கையில் கப்பலாகிவிடும். அரை மில்லிமீட்டர் துளை போட்டு, ஒவ்வொரு துளைக்கும் தலைமுடி போன்ற ஓர் ஒளியிழை செருகி, உள்ளே விளக்கை ஏற்றுவான். ஒரு கப்பலுக்கு ஆயிரம் துளை. வெளிநாட்டில் அதற்காகக் காத்திருக்கும் ஆட்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேட்டரி வாங்கப் போனவன் திரும்பவில்லை. இன்று சனிக்கிழமை.

அவனுடைய அக்கா மெஹர் பானு எதிரே உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை வந்த முதல் வீடியோவில் கப்பலின் மூக்கில் மட்டும்தான் வெளிச்சம் இருந்தது என்றாள். இன்று காலை வந்த இதில் எஞ்சின் தவிர எல்லாம் எரிகிறது. காவல் நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டார்கள். வயது வந்த ஆள், தானே பேசி அனுப்பியிருக்கிறான், இரண்டு நாள் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் தனியார் துப்பறிவாளரான திரிபுரசுந்தரியை அவள் அழைத்திருந்தாள்.

“எஞ்சின எப்பவும் கடைசியிலதான் போடுவான் மேடம். அது எரிஞ்சா கப்பல் முடிஞ்சதுன்னு அர்த்தம்.” நிமிர்ந்து பார்த்தாள். “முடிஞ்சதும் விட்டுடுவாங்களா?”

ஆளைப் பூட்டி வைத்து வேலை வாங்குகிறவன், வேலை முடிந்த பிறகு அந்த ஆள் வெளியே வந்து பேசுவதை விரும்பமாட்டான். அதை ஓர் அக்காவிடம் எப்படிச் சொல்வது?

மெஹர் பானு மறுபடி போனைப் பார்த்தாள். “குரல் அவன் குரல்தான். முகந்தான் அவன் முகமாவே இல்ல. என்னன்னு சொல்லத் தெரியல.”

“ஒரு வாரம் தாடி விட்டா என் பொண்டாட்டியே என்னைய யாரு வேணும்னு கேப்பா, தங்கச்சி” என்றார் ஜெய்னுலாபுதீன்.

ஜெய்னுலாபுதீன் திரிபுரசுந்தரியின் உதவியாளர். அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பலில் ஓடிவிட்டு, இப்போது அவளுடைய காரை ஓட்டுகிறார். சம்பளம் ஓட்டுவதற்கு. பேச்சு கணக்கில் வராது.

வாசலில் நின்ற மணிபாரதி உள்ளே வந்தான். சஃபியுல்லாவின் ஐந்து வருட நண்பன். கப்பல்களுக்குப் பெயிண்ட் அடிப்பது, பெட்டி கட்டி அனுப்புவது, இணையத்தில் படம் போடுவது எல்லாம் அவன் பொறுப்பு. ஆறு நாளாகத் தூங்காமல் தேடுவதாக மெஹர் பானு சொல்லியிருந்தாள். கண்கள் அப்படித்தான் சிவந்திருந்தன. போனை வாங்கிப் பார்த்தவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“இடது இறக்கையில ஒரு எல்.ஈ.டி. போயிருக்கு. அவன் இப்படி விடவே மாட்டான். கை நடுங்கியிருக்கும்.”

அந்தக் கருங்கல் வரிசையை அடையாளம் காட்டியது ஜெய்னுலாபுதீன். பட்டினச்சேரி பக்கம் ஆறு கடலில் விழும் இடத்தில் அந்த மாதிரி ஒன்றுதான் இருக்கிறது. மீதியைத் திரிபுரசுந்தரி போட்டாள். கடலைப் பார்த்து நின்றால் இடது கை வடக்கு. கல் இடப்பக்கம் தெரிகிறது. அப்படியென்றால் ஜன்னல் கல்லுக்குத் தெற்கே. தெற்குக் கரையில் மாடி உள்ள கட்டடம் எது?

“மூடிப்போன இறால் பண்ணை ஒண்ணு கெடக்கு” என்றான் மணிபாரதி. “நானும் வரேன்.”

*

பாலத்தைச் சுற்றிக்கொண்டு தெற்குக் கரைக்குப் போக இருபது நிமிடம் ஆனது. மே மாத வெயில். ரோட்டோரம் வலைகள் சும்மா கிடந்தன. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிக் கிடந்தன.

காரின் பின்சீட்டில் மணிபாரதி நான்கு முறை மணி பார்த்தான். ராத்திரி சென்னைக்கு ரயில் ஏற வேண்டும், அங்கேயும் ஒரு ஆளை விசாரிக்க வேண்டும் என்றான். ஜெய்னுலாபுதீன் கண்ணாடியில் அவனைப் பார்த்து, ரயில் எங்கேயும் போகாது, காரைக்காலிலிருந்து கிளம்பும் ரயிலுக்குக் கூச்சம் அதிகம், மெதுவாகத்தான் புறப்படும் என்றார். யாரும் சிரிக்கவில்லை.

திரிபுரசுந்தரி மடியில் போன் இருந்தது. மூன்று இருண்ட வட்டங்கள். மூன்று எஞ்சின்களை இணைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று மணிபாரதியிடம் கேட்டாள். சஃபியுல்லாவுக்கு இரண்டு மணி நேரம், தனக்கு இரண்டு வருடம் என்றான் அவன். பெயிண்ட் மட்டும்தான் தனக்கு வரும், மின்வேலை கையில் நிற்காது. காலையில் வந்த வீடியோ. இப்போது மதியம் இரண்டரை.

இறால் பண்ணைக்குக் கதவு இல்லை. வறண்ட தொட்டிகள், உடைந்த குழாய்கள். கீழே தொட்டிகளைத் தான் பார்ப்பதாக மணிபாரதி சொன்னான். மற்ற இருவரும் மாடி ஏறினார்கள்.

மேலே ஓர் அறை. கடலைப் பார்த்து ஒரு ஜன்னல். ஜன்னலின் இடது ஓரத்தில் கருங்கல் வரிசை.

எல்லாம் பொருந்தியது. ஆள் மட்டும் இல்லை.

திரிபுரசுந்தரி தரையைப் பார்த்தாள். ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. அதில் இப்போது பதிந்த இவர்கள் இருவரின் செருப்புத் தடங்களைத் தவிர வேறு தடம் கிடையாது. சுவரில் சுவிட்ச் பெட்டி இருந்த இடத்தில் ஓட்டை. மீட்டரைக் கழற்றிக்கொண்டு போய் வருடக்கணக்கு ஆகியிருக்க வேண்டும்.

“கரண்டே இல்லாத எடத்துல எதுல சால்டர் வெச்சான்?” என்றார் ஜெய்னுலாபுதீன். “வெயில்லயா?”

அவள் போனை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். திரையிலும் கல் இடப்பக்கம், வெளியிலும் இடப்பக்கம். எங்கே தவறு?

ஜெய்னுலாபுதீன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். காலையிலிருந்து கண்ணாடி இல்லாமல்தான் வீடியோவைப் பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவர் போனைக் கையில் வாங்கி, வீடியோவை இரண்டு முறை ஓடவிட்டார்.

“மேடம், இந்தப் புள்ள மீரா சாகிப் மகன்தானே?”

“ஆமா. மெஹர் பானு சொன்னாங்களே.”

“மீரா சாகிப்கிட்ட நான் நாலு வருஷம் கப்பல்ல வேலை பாத்தவன். அவரு மகன் இப்படி லைட்டு போட மாட்டான்.”

கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இருட்டில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அதை வைத்துத்தான் தெரியும். கடலில் சோறு மறக்கலாம், அது மறக்கக் கூடாது என்று மீரா சாகிப் சொல்வாராம். மாற்றிச் சொன்ன ஒருவனைப் பாதி நாள் கயிறு சுற்ற வைத்தாராம். அந்த ஒருவன் யாரென்று ஜெய்னுலாபுதீன் சொல்லவில்லை.

“ஆகாயத்துல போற கப்பலுக்கு எதுக்கு பாய் அந்தச் சட்டம்?”

“வாப்பா சட்டம் ஆகாயத்துக்கும் உண்டு. வீட்டுல அலமாரியப் பாத்தீங்கள்ல?”

பார்த்ததோடு படமும் எடுத்திருந்தாள். போனில் தேடினாள். அலமாரியில் பதினொரு கப்பல்கள், எல்லாம் வாலைக் காட்டி நின்றன. பதினொன்றிலும் சிவப்பு இடப்பக்கம். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் பொடி எழுத்தில் கப்பலின் பெயர்.

வீடியோவில் இருந்த கப்பலுக்குப் பெயர் இல்லை. பனியனில் எழுத்து இல்லை. சுவரில் ஒரு காலண்டர்கூட இல்லை. நோட்டில் எழுதிய வரி நினைவுக்கு வந்தது. எழுத்து இருந்தால் திருப்பிப் போட்டது தெரிந்துவிடும்.

“விளக்கு இடம் மாறல பாய். படத்தையே திருப்பிட்டான்.”

போனில் ஒரு தட்டு. படம் இடவலமாகப் புரண்டது. சிவப்பு இடப்பக்கம் போனது. கருங்கல் வரிசை வலப்பக்கம் வந்தது. நடுவில் இருந்த முகமும் மாறியது. மூக்கு லேசாக மறுபக்கம் சாய்ந்தது, வகிடு இடம் மாறியது. முகம் அவன் முகமாவே இல்ல என்றாளே. கண்டுபிடித்தவள் மெஹர் பானுதான். அதைக் கேட்கத்தான் யாரும் இல்லை.

கல் வலப்பக்கம் என்றால் அறை வடக்குக் கரையில். திரிபுரசுந்தரி ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டி வடக்கே பார்த்தாள். ஆற்று வாய்க்கு அந்தப் பக்கம், ஏறக்குறைய இதே தூரத்தில், நீலச் சுவர்க் கட்டடம் ஒன்று. மாடியில் ஒரே ஒரு ஜன்னல்.

“ஐஸ் ஃபேக்டரி” என்றார் ஜெய்னுலாபுதீன். “படகு போகாதப்ப ஐஸு யாருக்கு? தடைக்காலம் முடியற வரைக்கும் பூட்டுதான்.”

“ஜன்னல மறைச்சுட்டு எடுத்திருக்கலாம் பாய். மறைக்கல. நாம இங்க வரணும்னே காட்டியிருக்கான்.” சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். “மணிபாரதி காலைல என்ன சொன்னாரு?”

“கை நடுங்கியிருக்கும்னான்.”

“அதுக்கு முன்னாடி.”

“இடது இறக்கையில ஒண்ணு போயிருக்குன்னான்.”

“வீடியோல அது வலது.”

ஜெய்னுலாபுதீன் கண்ணாடியைக் கழற்றினார். “சிவப்புன்னாலே இடதுன்னு பழக்கத்துல சொல்லியிருக்கலாமே.”

“பதினொரு கப்பலுக்குப் பெயிண்ட் அடிச்சவருக்கு, சிவப்பு பக்கம் மாறி நிக்கிறது கண்ணுல படாதா? அதையில்ல மொதல்ல சொல்லியிருக்கணும்? அவர் வீடியோவைப் பாத்துச் சொல்லல பாய். கப்பலப் பாத்தவர். ஆறு நாளா அதைத்தான் பாத்துட்டு இருக்கார்.”

இருவரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தார்கள். தொட்டிகளுக்கு நடுவில் யாரும் இல்லை.

மணலில் ஒரு வரிசைக் காலடி ஆற்று வாயை நோக்கிப் போயிருந்தது. கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லை. கடல் கொண்டுவந்து போட்ட மணல், வாயை மூடித் திட்டாகக் கிடந்தது. ரோட்டில் இருபது நிமிடம். மணல் திட்டின் மேல் நடந்தால் ஏழு நிமிடம். திட்டின் பாதியில் மணிபாரதியின் சட்டை போய்க்கொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஓட ஆரம்பித்தது.

*

மணல் சுட்டது. செருப்போடு ஓட முடியவில்லை, செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. ஓடிக்கொண்டே காவல் நிலையத்துக்குப் போன் போட்டாள். நீலச் சுவர், ஐஸ் ஃபேக்டரி, சஃபியுல்லா என்று மூன்று சொல் போய்ச் சேர்ந்தன. பிறகு காற்று வாங்கிக்கொண்டது.

ஒரு கணக்கு தலைக்குள் ஓடியது. இன்று மே இருபத்து மூன்று. தடைக்காலம் ஜூன் பதினாலு வரை. மணிபாரதி அடிக்கக்கூட வேண்டாம். கதவைப் பூட்டிவிட்டு ராத்திரி ரயில் ஏறினால் போதும். இன்னும் இருபத்திரண்டு நாளைக்கு அந்தக் கட்டடத்தை யாரும் திறக்கமாட்டார்கள். குடிக்கத் தண்ணீர் எத்தனை பாட்டில் வைத்திருப்பான்?

பின்னால் ஜெய்னுலாபுதீனின் மூச்சு கேட்டது. “முட்டி எங்க வாப்பா கொடுத்தது மேடம். புதுசு வாங்கித் தரணும் நீங்க.”

ஐஸ் ஃபேக்டரியின் பக்கக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே அமோனியா வாடை, பழையது. ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய சிமெண்ட் படி, இரண்டு பக்கமும் சுவர். மேலே ஒரு பூட்டு போடும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

ஜெய்னுலாபுதீன் அவளை ஒதுக்கிவிட்டு மூன்றாம் படியில் ஏறி நின்றார். இரண்டு கையையும் இரண்டு சுவரிலும் ஊன்றிக்கொண்டார்.

படியின் திருப்பத்தில் முதலில் வெளிச்சம் வந்தது. நூற்றுக்கணக்கான ஜன்னல்கள், சிவப்பு, பச்சை. அந்த மங்கலில் அது நிஜமாகவே எங்கிருந்தோ இறங்கி வருவது போலிருந்தது. அதற்குப் பின்னால்தான் மணிபாரதி. கப்பலை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, இறக்கை நுனி சுவரில் உரசாமல் பக்கவாட்டாக இறங்கினான். அவர்களைப் பார்த்ததும் நின்றான்.

“தள்ளுங்க பாய்.”

“கையி ரெண்டும் இருக்குல்ல. தள்ளிட்டுப் போங்க தம்பி.”

மணிபாரதி ஒரு கையை எடுக்கப் பார்த்தான். கப்பல் சாய்ந்தது. உடனே பிடித்துக்கொண்டான். திரும்பி ஏறலாமா என்று பார்த்தான். இறக்கை சுவரில் இடிக்கும். கீழே வைக்கலாமா என்று பார்த்தான். மூன்றடிக் கப்பலை வைக்கப் படியில் அகலம் இல்லை.

அவன் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர்கள் மேல் பாய்வான் என்று திரிபுரசுந்தரி நினைத்தாள். ஜெய்னுலாபுதீன் அப்படி நினைக்கவில்லை. ஒரு கொட்டாவிகூட விட்டார்.

“போடுடா. போட்டா வழி விடுறேன்.”

நேரம் போனது. மணிபாரதியின் முழங்கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு அவன் மெதுவாக, மிக மெதுவாக, படியில் உட்கார்ந்தான். கப்பலை மடியில் கிடத்திக்கொண்டான்.

திரிபுரசுந்தரி ஜெய்னுலாபுதீனின் கைக்கு அடியில் குனிந்து ஏறினாள். அவன் சட்டைப் பையில் இரண்டு சாவிகள் இருந்தன. எடுத்தாள். அவன் கைகள் கப்பலை விட்டு நகரவில்லை.

“பாத்துப் போங்க” என்றான், அவளைப் பார்க்காமல். “இந்தப் பக்கம் பெயிண்ட் காயல.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை, ஜெய்னுலாபுதீன் கேட்டார். பாதி அவன் சொன்னான். ஐந்து வருடமாக இணையத்தில் அந்தக் கப்பல்கள் எல்லாம் மணிபாரதி செய்தவை என்றுதான் வந்தன. பாராட்டு, பேட்டி, எல்லாம் அவனுக்கு. இந்த முறை ஒரு வெளிநாட்டுக் கண்காட்சி அவனை நேரில் வரச் சொல்லியிருந்தது. போன மாதம் சஃபியுல்லா, இந்தக் கப்பலில் என் பெயரைப் போடப்போகிறேன் என்று சொன்னான். அதற்குப் பிறகுதான் இந்தச் சாவி.

மேலே கதவு திறந்தது. அறையில் ஒரு பாய், ஒரு மேசை, இரண்டு காலித் தண்ணீர் பாட்டில். சஃபியுல்லா சுவரோரம் உட்கார்ந்திருந்தான். எழ முயன்று முடியாமல் உட்கார்ந்தான். முதல் கேள்வி கப்பலைப் பற்றி.

“உடைஞ்சிடுச்சா?”

“இல்ல. படியில இருக்கு. எஞ்சின் மட்டுந்தான் எரியல.”

அவன் மேசைக்குக் கீழே கையை விட்டு எதையோ எடுத்து நீட்டினான். ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு வயர். இரண்டு முனையும் சீவி, ஈயம் தொட்டு, இணைக்கத் தயாராக இருந்தது.

“எஞ்சின் வியாழக்கிழமையே முடிஞ்சது மேடம். இது ஒண்ணுதான் பாக்கி. சர்க்யூட் கோளாறு, எல்.ஈ.டி. பொகஞ்சிடுச்சுன்னு தெனம் ஒண்ணு சொன்னேன். அவனுக்கு லைட்டிங் தெரியாது, நம்பிட்டான்.” உதடு காய்ந்திருந்தது. “அது எரிஞ்சா என் வேலை முடிஞ்சதுன்னு எனக்குந் தெரியுமே.”

கீழே படியிலிருந்து மணிபாரதியின் குரல் வந்தது. “வியாழக்கிழமையேவா?”

தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. தன்னை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று சஃபியுல்லா கேட்டான். அவன் வாப்பாவிடம் வேலை பார்த்த ஒருவர் கீழே படியில் நிற்கிறார், அவரைக் கேட்டுக்கொள்ளலாம் என்றாள் திரிபுரசுந்தரி. பாதி நாள் சுற்றிய கயிறு இன்று உதவியது என்று அவர் சொல்லக்கூடும்.

அவள் மெஹர் பானுவின் எண்ணைப் போட்டு, வீடியோ அழைப்பில் போனை அவன் கையில் கொடுத்தாள். சஃபியுல்லா ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பினான்.

“லாத்தா.”

திரையில் அக்காவின் முகம் அசையவில்லை. அழவும் இல்லை. புருவம், மூக்கு, வகிடு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பவள் போல வெகு நேரம் பார்த்தாள்.

“இப்பத்தான்டா” என்றாள். “இதுதான் உன் முகம்.”